நம்ம அடுப்படிக்கு வந்துசேரும் உலகச் சந்தை

"விலைவாசி ஏறிப்போச்சு" என்பது எல்லாக் காலத்திலும் எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சுதான். ஆனால் 2020 முதல் 2023 வரை மூன்று ஆண்டுகளில் ஏறியது வேறு மாதிரி. கடைக்காரரைக் கேட்டால் மொத்த வியாபாரியைக் கை காட்டுகிறார். அவர் லாரி வாடகை என்கிறார். லாரிக்காரர் டீசல் என்கிறார். தொலைக்காட்சியைத் திறந்தால் உக்ரைன் போர் என்கிறார்கள். "நம்ம வீட்டுத் தாளிப்புக்கும் உக்ரைனுக்கும் என்ன பங்காளிச் சண்டை?" என்று என் துணைவியார் ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

நான் செங்கம் பக்கத்தில் மல்லாட்டை, நெல், கொஞ்சம் சிறுதானியம் போடுகிறவன். வேதியுரத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம்ம இயக்கக் கூட்டங்களில் விதை பற்றிப் பேசுகிறோம், மண்புழு பற்றிப் பேசுகிறோம். வீட்டுச் செலவு பற்றிப் பேசுவது குறைவு. உழவர் வீட்டை விலைவாசி இரண்டு பக்கமும் அடிக்கிறது. வாங்கும்போது ஒரு அடி, விற்கும்போது ஒரு அடி. அதனால் நாம் இதைப் பேசித்தான் ஆகணும்.

இரண்டு வீட்டுக் கணக்கு

முதலில் ஊரறிந்த விலைகள். 2020 நவம்பரில் சென்னையில் வீட்டு காஸ் சிலிண்டர் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. ஏறத்தாழ 83 விழுக்காடு ஏற்றம். எங்க ஊருக்கு வரும்போது வண்டிச் சத்தம் தனி.

கூலி எவ்வளவு ஏறியது? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2020-21இல் அறிவித்த தினக்கூலி 256 ரூபாய். 2023-24இல் 294 ரூபாய். மூன்று ஆண்டில் 15 விழுக்காடு. கூலி பதினைந்து ஏற, அடுப்பு எரியும் செலவு எண்பத்து மூன்று ஏறியது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி கதை புரிந்துவிடும்.

எங்க கொல்லைக்குக் களையெடுக்க வரும் அக்கா ஒருவர் சொன்னார்: "ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர் பதினைஞ்சு நாளைக்கு வரும் தம்பி. அப்புறம் கடையில நூறு கிராம், அம்பது கிராம்னுதான் வாங்குறேன். காஸு தீந்தா காசு சேர்ற வரைக்கும் விறகுதான்." இப்படிச் சில்லறையாக வாங்கும்போது லிட்டர் கணக்கில் பார்த்தால் அவர் கொடுப்பது நம்மைவிட அதிக விலை. ஏழைக்கு எதுவும் மொத்த விலையில் கிடைப்பதில்லை.

எங்க வீட்டில் அரிசி வாங்குவதில்லை, எண்ணெய் வாங்குவதில்லை. ஆனாலும் காஸ், டீசல், பிள்ளைகளின் பஸ் செலவு, மருந்து, துணி எல்லாம் வெளியிலிருந்துதான். அதனால் இயற்கை உழவனுக்கு விலைவாசி தொடாது என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீங்க. தொடும். எவ்வளவு தொடும் என்பதில்தான் வித்தியாசம்.

7.44 விழுக்காடு என்றால் என்ன?

2023 ஜூலையில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 விழுக்காடு என்று அரசு அறிவித்தது. 2022 ஜூலையில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடைக்கு 2023 ஜூலையில் 107 ரூபாய் 44 காசு என்று பொருள். ஆனால் அந்தக் கூடைக்குள் சோறும் இருக்கு, செல்போன் செலவும் இருக்கு. உணவுப் பொருட்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஏற்றம் 11.51 விழுக்காடு. காய்கறி மட்டும் 37 விழுக்காட்டுக்கு மேல்.

கிராமத்து வீட்டுச் செலவில் ஏறத்தாழ பாதி உணவுக்கே போகிறது. 2023இல் அரசு போட்ட கணக்கிலேயே கிராமத்துக் கூடையில் உணவின் பங்கு 54 விழுக்காடாகவும், நகரத்தில் 36 விழுக்காடாகவும் இருந்தது. ஆக, ஒரே பணவீக்கம் பெரிய சம்பளக்காரர் வீட்டில் ஒரு மாதிரியும், களையெடுக்கும் அக்கா வீட்டில் வேறு மாதிரியும் இறங்குகிறது.

இன்னொன்றையும் தெரிஞ்சுக்கணும். "பணவீக்கம் குறைந்தது" என்று செய்தி வந்தால் விலை குறைந்தது என்று அர்த்தம் இல்லை. ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறின விலை ஏறினபடியேதான் நிற்கும்.

எண்ணெய்ச் சட்டிக்குள் வந்த போர்

உலகச் சந்தை நம்ம வீட்டுக்குள் எப்படி வருது என்று பார்க்க எண்ணெயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து. உக்ரைன் போருக்கு முன் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது, அடுத்து ரஷ்யாவிலிருந்து. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் கருங்கடல் துறைமுகங்கள் மூடப்பட்டன. சூரியகாந்தி எண்ணெய் கப்பல் ஏறவில்லை. உலகமே பாமாயில் பக்கம் திரும்பியது. விலை எகிறியது. தன் நாட்டு மக்களுக்கே எண்ணெய் கிடைக்கவில்லை என்று இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23இல்தான் திறந்தது. அந்த வாரங்களில் எங்க ஊர் மளிகைக் கடையில் எண்ணெய் பாக்கெட் இருநூறு ரூபாயைத் தொட்டது.

போர் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே கரோனா காலத்தில் மலேசியத் தோட்டங்களில் குலை வெட்ட ஆள் இல்லை. தென் அமெரிக்காவில் வறட்சி வந்து சோயா குறைந்தது. கப்பல் வாடகை பல மடங்கு ஏறியது. இதுக்கெல்லாம் மேலே, இந்தோனேசியாவில் டீசலில் 30 விழுக்காடு பாமாயில் டீசலைக் கலக்கும் திட்டம் 2020இல் வந்தது. அமெரிக்காவிலும் சோயா எண்ணெய் எரிபொருளாகிறது. சட்டிக்கு வர வேண்டிய எண்ணெய் வண்டிக்குப் போகிறது.

உலக உணவு விலைகளைக் கணக்கிடும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் குறியீடு 2022 மார்ச்சில் அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. தானியமும் எண்ணெய் வித்தும் வாங்கி விற்கும் ஏ.டி.எம்., பங்கி, கார்கில், லூயி டிரைஃபஸ் என்ற நான்கு பெரிய நிறுவனங்கள் உலக வணிகத்தில் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கின்றன. 2021, 2022 ஆண்டுகளில் இவற்றில் சில, தங்கள் வரலாற்றிலேயே காணாத லாபம் பார்த்தன. விளைவித்தவரும் திண்டாடினார், வாங்கினவரும் திண்டாடினார். நடுவில் இருந்தவருக்கு மட்டும் நல்ல மகசூல்.

நாம் எப்படி இந்தக் கயிற்றில் மாட்டினோம்?

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1986இல் மத்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கு ஒரு தனி இயக்கம் தொடங்கியது. மல்லாட்டைக்கும் கடுகுக்கும் விலை கிடைத்தது. உழவர்கள் விளைவித்துக் காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் நாட்டுக்குத் தேவையான எண்ணெயை ஏறத்தாழ முழுதும் நாமே எடுத்தோம்.

1994இல் பாமாயில் இறக்குமதியை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். அப்போது அதற்கு 65 விழுக்காடு வரி இருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் அது 15 விழுக்காடாக இறங்கியது. மலிவான பாமாயில் கப்பல் கப்பலாக வந்தது. எங்க பக்கத்துக் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை கேட்பாரற்றுக் கிடந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கு. ஊரில் இருந்த செக்கு ஒவ்வொன்றாக நின்றது. கொல்லையில் சவுக்கும் தைலமரமும் ஏறின. முப்பது ஆண்டு கழித்து அந்த நாடுகள் கதவைச் சாத்தினால் நம்ம சட்டி காய்கிறது.

இந்தக் கதையின் அடுத்த பகுதிதான் நமக்கு முக்கியம். எண்ணெய் விலை ஏறியதும் அரசு இறக்குமதி வரியைக் குறைத்துக்கொண்டே போனது. 2022 மே மாதம், ஆண்டுக்கு 20 லட்சம் டன் சோயா எண்ணெய், 20 லட்சம் டன் சூரியகாந்தி எண்ணெய் என்று இரண்டு ஆண்டுகளுக்கு வரியே இல்லாமல் கொண்டுவர அனுமதி கொடுத்தது. சில மாதங்களில் உலகச் சந்தையில் பாமாயில் விலை உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே விழுந்தது. வரிச்சுவர் இல்லாத சந்தையில் அந்தச் சரிவு அப்படியே உள்ளே வந்தது. பொள்ளாச்சியிலும் பட்டுக்கோட்டையிலும் தென்னை உழவர்களைக் கேட்டுப் பாருங்க. அரைவைக் கொப்பரைக்கு 2023இல் ஆதார விலை குவிண்டால் 10,860 ரூபாய். வெளிச் சந்தை அதற்கு வெகு கீழே இருந்தது. ஏறும்போது வாங்குபவருக்காக வரியை எடுத்தவர்கள், இறங்கும்போது விளைவிப்பவருக்காக அந்த ஆண்டு வரியை வைக்கவில்லை.

டீசலும் டாலரும்

நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் இறக்குமதி. சமையல் காஸிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். 2022 ஜூனில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் 115 டாலருக்கு மேல் இருந்தது. 2023 ஜூனில் 75 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. சென்னையில் டீசல் விலை? 2022 மே 22இல் 94 ரூபாய் 24 காசு. 2023 ஜூனிலும் அதே 94 ரூபாய் 24 காசு. ஏறினால் "உலகச் சந்தை" என்கிறார்கள். இறங்கினால் உலகச் சந்தை என்ற சொல்லே காதில் விழுவதில்லை.

இதோடு டாலர் சேர்கிறது. எதை இறக்குமதி செய்தாலும் பெரும்பாலும் டாலரில்தான் கொடுக்கணும். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 75 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் 83 ரூபாயைத் தொட்டது. தங்கள் நாட்டு விலைவாசியை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்டச் சுழியத்திலிருந்து ஏற்றிக்கொண்டே வந்து, 2023 ஜூலையில் 5.25 – 5.5 விழுக்காட்டில் நிறுத்தியது. அங்கே வட்டி கூடினால் பணம் அங்கே ஓடுகிறது, நம்ம ரூபாய் தளர்கிறது. கச்சா எண்ணெய் விலை ஏறாமல் இருந்தாலும், ரூபாய் தளர்ந்தாலே அதற்கு நாம் கூடக் கொடுக்கணும். இங்கே ரிசர்வ் வங்கியும் 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு வட்டியை ஏற்றியது. டிராக்டர் கடனும் வீட்டுக் கடனும் வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும்.

டீசல் ஏறினால் உழவு கூலி ஏறும், அறுவடை இயந்திர வாடகை ஏறும், காய்கறி வண்டி வாடகை ஏறும். இயற்கை உழவன் என்று சொன்னால் டிராக்டர்காரர் வாடகையைக் குறைத்துக்கொள்வதில்லை.

உரமும் இலங்கை சொன்ன பாடமும்

யூரியா செய்ய எரிவாயு வேண்டும். பொட்டாஷ் முழுக்க முழுக்க இறக்குமதி. ரஷ்யா, பெலாரஸ் இரண்டும் பெரிய உர ஏற்றுமதியாளர்கள். போர், தடை என்று வந்ததும் உர விலை எகிறியது. நம்ம நாட்டில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குத்தான் விற்கிறது, ஏனென்றால் மீதியை அரசு கட்டுகிறது. 2022-23இல் உர மானியத்துக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி ரூபாய் போனது. அந்தப் பணமும் நம்ம வரிப்பணம்தான். அதில் ஒரு சிறு பங்கைத் தொழுவுரத்துக்கும் பசுந்தாள் விதைக்கும் கொடுத்திருந்தால் எத்தனை ஊர் மண் தேறியிருக்கும்!

இப்படிச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் கேட்பார்: "இலங்கையில என்ன ஆச்சு பாத்தீங்கல்ல?" நாம் இதை ஒளிக்காமல் பேசணும். 2021 மே மாதம் இலங்கை அரசு வேதியுர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. வெளிநாட்டுக் கடனும் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையும் கழுத்தை நெரித்த நேரம் அது. பசுமை என்ற பெயரில் டாலரை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். உழவர்களுக்குப் பயிற்சி இல்லை, உரத்துக்கு மாற்று இல்லை, நேரம் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை விழுந்தது. நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அந்த நாடு அறிவித்தது. 2022 செப்டம்பரில் அங்கே பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டிப் போனது.

இதிலிருந்து நமக்கு வரும் பாடம் ஒன்று உண்டு. மண் தேறுவதற்கு மூன்று, நான்கு ஆண்டு வேண்டும். அந்த ஆண்டுகளில் உழவர் வீடு பட்டினி கிடக்கக் கூடாது. நாம் கேட்க வேண்டியது தடை அல்ல, மாறும் காலத்துக்குக் கைத்தாங்கல்.

தக்காளியும் அரிசியும்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போனது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். எல்லாத் தொலைக்காட்சியிலும் அதே பேச்சு. ஆனால் மே மாதம் மகாராட்டிர உழவர்கள் கிலோ இரண்டு, மூன்று ரூபாய்க்குக்கூட விலை போகாமல் தக்காளியைச் சாலையில் கொட்டினார்களே, அது எத்தனை நாள் செய்தியாக இருந்தது? விலை இல்லாததால் அடுத்த நடவைக் குறைத்தார்கள். மார்ச், ஏப்ரல் வெயிலும் நச்சுயிரி நோயும் இருந்ததைக் கெடுத்தன. பிறகு மழை. அந்த இரண்டு ரூபாய்தான் பின்னால் நூறு ரூபாயாகத் திரும்பி வந்தது.

2023 ஜூலை 20இல் மத்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. உலக அரிசி வணிகத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு நம்முடையது. தடை வந்ததும் அமெரிக்காவில் நம்மவர்கள் கடைகளில் அரிசி மூட்டைக்கு முண்டியடித்தார்கள். உலக அரிசி விலை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டில் இல்லாத உயரத்துக்குப் போனது. இந்தோனேசியா பாமாயிலை நிறுத்தியபோது நமக்கு என்ன நடந்ததோ, அதே வேலையை நாம் ஆப்பிரிக்காவில் அரிசி வாங்கித் தின்னும் வீட்டுக்குச் செய்தோம். உலகச் சந்தையை நம்பி அடுப்பு வைத்த எவருக்கும் இதுதான் நிலை.

நம்ம கையில் இருப்பது

எல்லாக் கயிற்றையும் அறுக்க முடியாது. டீசலையும் டாலரையும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சிலவற்றை அவிழ்க்கலாம்.

எண்ணெய்க் கணக்கைப் பாருங்க. ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர், ஆண்டுக்கு 36 லிட்டர். 100 கிலோ மல்லாட்டையை உடைத்தால் சுமார் 70 கிலோ பயறு. அதைச் செக்கில் ஆட்டினால் 30 லிட்டர் அளவு எண்ணெய். ஆக 36 லிட்டருக்கு 120 முதல் 130 கிலோ காய் போதும். எங்க பக்கத்து 80 கிலோ மூட்டைக் கணக்கில் ஒன்றரை மூட்டை. மானாவாரியில் சுமாராக விளைந்தாலும் இருபது சென்ட் நிலம் போதும். கூடவே மாட்டுக்கு ஐம்பது கிலோ அளவு புண்ணாக்கு. இதை விற்றுவிட்டு, அந்தக் காசில் வெளிநாட்டு எண்ணெய் வாங்குவது நட்டக் கணக்கு.

துவரையைத் தனிப் பயிராகப் போட இடமில்லை என்றால் வரப்பில் போடுங்க. நாம் தின்னும் துவரையில் ஒரு பங்கு மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் வருது. நான்கு மாடு இருக்கும் வீட்டில் சாண எரிவாயுக் கலன் வைக்கலாம். நாளுக்கு ஐம்பது கிலோ சாணம் போட்டால் நாலைந்து பேருக்குச் சமைக்கலாம். கழிவு கொல்லைக்கு.

இதெல்லாம் நிலம் இருப்பவருக்கு. எங்க கொல்லைக்கு வரும் அக்காவுக்கு நிலமில்லை. அவருக்கு வழி செய்வது ரேஷன் கடைதான். அங்கே 25 ரூபாய்க்குப் பாமாயில் கொடுக்க அரசு மானியம் போடுகிறது. அந்த மானியத்தை நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் திருப்புங்கள் என்று உழவர் அமைப்புகள் பல ஆண்டாகக் கேட்டு வருகின்றன. பொள்ளாச்சித் தென்னைக்கு விலை, செங்கம் மல்லாட்டைக்கு விலை, அக்காவின் சட்டிக்கு நல்ல எண்ணெய். ஒரே பணத்தில் மூன்று வேலை. இறக்குமதி வரியையும் ஆதார விலையோடு சேர்த்துக் கட்டணும். உள்ளூர் விலை ஆதார விலைக்குக் கீழே போனால் வரி தானாக ஏறணும். இந்த இரண்டையும் வரும் கிராம சபைகளில் தீர்மானமாகப் போடுவோம்.

ஆடியில் விதைத்த மல்லாட்டை இப்போது பூத்து விழுது இறக்கிக்கொண்டிருக்கும். காய் பறித்துக் காய வைத்ததும் கமிட்டிக்கு வண்டி ஏற்றும் முன் ஒன்றரை மூட்டையைத் தனியே எடுத்து வையுங்க. விதைக்கு வேறு, எண்ணெய்க்கு வேறு. மிச்சத்தை விற்கலாம்.